பழைய வண்டிக்கு எந்தக் கியர் ஆயில்? ஜிஎல்-4, ஜிஎல்-5 குழப்பம்

இரண்டு டப்பாக்கள். இரண்டிலும் 80டபிள்யூ-90 என்றுதான் எழுதியிருக்கிறது. ஒன்றில் ஜிஎல்-4, இன்னொன்றில் ஜிஎல்-5. பழைய கார் ஒன்றை வாங்கிய புதிதில் நான் எடுத்தது ஜிஎல்-5. நான்கை விட ஐந்து பெரியது, பெரிதாக இருந்தால் நல்லதாகத்தான் இருக்கும் என்பது என் கணக்கு. வயதான கியர்பாக்ஸுக்கு இருப்பதிலேயே நல்லதைப் போடுவோமே என்ற பாசமும் சேர்ந்துகொண்டது. எண்ணெய் மாற்றிய இரண்டாம் நாளே, அதுவரை சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்த இரண்டாவது கியர் கரகரவென்று பல்லைக் கடித்தது.

பழைய மேனுவல் கியர்பாக்ஸ் வைத்திருக்கும் பலரும் ஒருமுறையாவது செய்யும் தவறு இது. ஏன் தவறு என்று புரிந்துகொள்ள, கியர்பாக்ஸுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

வழுக்கக் கூடாத ஓர் இடம்

எண்ணெய் என்றால் வழுக்க வேண்டும், தேய்மானத்தைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதானே என்று தோன்றும். கியர்ப் பற்களுக்கும் பேரிங்குகளுக்கும் அது சரி. ஆனால் மேனுவல் கியர்பாக்ஸில் ஓர் இடத்தில் மட்டும் எண்ணெய் வழுக்கிவிடக் கூடாது. அந்த இடம்தான் சின்க்ரோனைசர் ரிங். மெக்கானிக்குகள் சின்க்ரோ ரிங் என்பார்கள், பித்தளை ரிங் என்றும் சொல்வார்கள்.

கியர் மாற்றும்போது பல்சக்கரங்கள் இடம்மாறி ஒன்றோடொன்று போய்ச் செருகிக்கொள்கின்றன என்றுதான் பலர் நினைக்கிறோம். சின்க்ரோ உள்ள கியர்களில் அப்படி இல்லை. பல்சக்கரங்கள் எப்போதும் ஜோடி ஜோடியாகக் கோர்த்தபடியே சுற்றிக்கொண்டிருக்கும். நீங்கள் லீவரைத் தள்ளும்போது நகர்வது ஒரு ஸ்லீவ் மட்டுமே. அது போய், வேண்டிய கியரை ஷாஃப்டோடு பூட்டுகிறது. சிக்கல் என்னவென்றால், அந்த நேரத்தில் கியர் ஒரு வேகத்தில் சுற்றும், ஷாஃப்ட் வேறு வேகத்தில் சுற்றும். வேகம் ஒன்றாகாமல் பூட்டப் பார்த்தால் பல்லோடு பல் மோதும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் நமக்கே பல் கூசும்.

வேகத்தை ஒன்றாக்கும் வேலைதான் சின்க்ரோ ரிங்குக்கு. கியரின் பக்கவாட்டில் எஃகால் ஆன கூம்பு ஒன்று இருக்கும். ஸ்லீவ் நகரும்போது முதலில் இந்தப் பித்தளை ரிங்கைக் கூம்பின் மேல் அழுத்துகிறது. இரண்டும் உரசி, பிரேக் பிடிப்பதுபோல ஒன்றையொன்று பிடித்து, நொடியின் சிறு பகுதிக்குள் ஒரே வேகத்துக்கு வந்துவிடுகின்றன. அதன் பிறகே ஸ்லீவுக்கு வழி கிடைக்கும். ரிங்கின் உட்புறத்தில் நூல் நூலாக வரிகள் ஓடுவதைப் பார்க்கலாம். அவை எண்ணெய்ப் படலத்தை அறுத்து வெளியே தள்ளுவதற்காகப் போட்டவை. படலம் விலகினால்தான் உலோகம் உலோகத்தைப் பிடிக்க முடியும்.

அதாவது, பல்லுக்கு வழுக்கும் எண்ணெய் வேண்டும், ரிங்குக்குப் பிடிக்க விடும் எண்ணெய் வேண்டும். இரண்டையும் ஒரே எண்ணெய்தான் செய்தாக வேண்டும். எண்ணெய் அளவுக்கு மீறி வழுக்கினாலோ, அளவுக்கு மீறிக் கெட்டியாக இருந்து படலம் சீக்கிரம் அறுபடாமல் போனாலோ, ரிங் கூம்பின் மேல் சறுக்கும். வேகம் ஒன்றாகாது. கரகர.

சின்க்ரோமெஷ் என்ற இந்த ஏற்பாடு முதலில் வந்தது 1928-இல், கேடிலாக் காரில். அதற்கு முன்பு ஓட்டுநர்களே கிளட்சை இரண்டு முறை மிதித்து, காதால் வேகத்தைக் கணித்துக் கியர் போட்டார்கள். அதற்குப் பிறகும் வெகுகாலம் பல வண்டிகளில் முதல் கியருக்குச் சின்க்ரோ கிடையாது. உங்கள் வண்டி அந்த வகை என்றால், ஓட்டத்திலேயே முதல் கியர் போட முயன்று சத்தம் வந்தால் எண்ணெயைக் குறை சொல்லாதீர்கள். அதன் பிறவிக் குணம் அது.

கந்தகத்தின் கதை

சரி, ஜிஎல்-5 எதற்காக வந்தது? அதற்குக் கியர்பாக்ஸை விட்டுவிட்டுப் பின் அச்சுக்குப் போக வேண்டும்.

அங்கே சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலில் கிரவுன் என்று ஒரு பெரிய பல்சக்கரம், அதைச் சுற்றவைக்கும் பினியன் என்று ஒரு சிறிய பல்சக்கரம். பழைய முறையில் பினியனின் மையம் கிரவுனின் மையத்துக்கு நேராக இருக்கும். 1926-இல் பேக்கார்ட் நிறுவனம் பினியனைக் கிரவுனின் மையத்துக்குக் கீழே இறக்கிய ஹைப்பாய்ட் கியரைக் காரில் கொண்டுவந்தது. கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் தாழ்ந்தது, அதனால் காரின் தரையும் தாழ்ந்தது. ஓசையும் குறைந்தது. ஆனால் ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. ஹைப்பாய்டில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு, நீளவாக்கில் சறுக்கவும் செய்கின்றன. கடும் அழுத்தத்தில் இப்படிச் சறுக்கும்போது சாதாரண எண்ணெய்ப் படலம் பிய்ந்துபோகும், உலோகம் உலோகத்தோடு ஒட்டிப் பிடுங்கிக்கொள்ளும்.

இதற்கு மருந்தாக வந்தவைதான் இபி சேர்மங்கள். உயர் அழுத்தத்தைத் தாங்குபவை என்று பொருள். இன்றைய எண்ணெய்களில் இவை பெரும்பாலும் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த கூட்டு. பற்கள் உரசும் இடத்தில் சூடு ஏறியதும் கந்தகம் எஃகோடு வினைபுரிந்து, மெழுகுபோல எளிதில் நழுவக்கூடிய ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்குகிறது. பல்லுக்குப் பதிலாக அந்தப் படலம் தேய்கிறது, அப்புறம் மறுபடி உருவாகிறது. கியர் ஆயில் டப்பாவைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை மூக்கில் ஏறுகிறதே, அது இந்தக் கந்தகத்தின் கைங்கரியம். எண்ணெய் கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை.

எஃகுக்கு நல்லது செய்யும் கந்தகம் செம்பு கலந்த உலோகங்களுக்கு அவ்வளவு நல்லதில்லை. செம்புப் பாத்திரம் கறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கியர்பாக்ஸில் சின்க்ரோ ரிங் பித்தளை. பல வண்டிகளில் புஷ்களும் த்ரஸ்ட் வாஷர்களும் வெண்கலம். டிஃபரன்ஷியலில் சின்க்ரோ ரிங் கிடையாது, அதனால் அங்கே கந்தகத்தை அள்ளிப் போடலாம்.

ஜிஎல் எண்களின் பொருள் இங்கேதான் விளங்கும். அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏபிஐ வகுத்த இந்த எண்கள் தேர்வில் வாங்கும் மதிப்பெண்கள் இல்லை, வேலையின் பெயர்கள். ஜிஎல்-1 என்பது இபி சேர்மம் இல்லாத வெறும் கனிம எண்ணெய், துரு தடுக்கவும் நுரை அடக்கவும் சிறிது மருந்து சேர்ந்தது. ஜிஎல்-4 நடுத்தரச் சுமைக்கு. ஜிஎல்-5 அதிவேகமும் அதிர்ச்சிச் சுமையும் தாங்க வேண்டிய ஹைப்பாய்ட் அச்சுக்கு. ஜிஎல்-4-இல் இருப்பதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இபி சேர்மம் ஜிஎல்-5-இல் இருக்கும். இடையில் இருந்த 2-உம் 3-உம் வழக்கொழிந்துவிட்டன. ஜிஎல்-6 என்று ஒன்றும் வந்து, அதுவும் போய்விட்டது.

ஜிஎல்-5 ஊற்றினால் பித்தளை கரைந்து ஓடிவிடும் என்று பயமுறுத்துபவர்களும் உண்டு. அது கொஞ்சம் மிகை. இன்றைய ஜிஎல்-5 எண்ணெய்கள் பலவற்றில் கந்தகம் சாதாரணச் சூட்டில் அடங்கியே இருக்கும்படி தயாரிக்கிறார்கள். பித்தளை அரிப்பு பல வருடங்களில் மெதுவாக நடக்கக்கூடிய சேதம். இரண்டே நாளில் என் இரண்டாவது கியர் கரகரத்ததற்கு அது காரணமாக இருந்திருக்க முடியாது. அங்கே நடந்தது உராய்வுப் பிரச்சினை. அச்சுக்காகத் தயாரித்த எண்ணெய், பிடிக்க வேண்டிய ரிங்கை நழுவ விட்டது. ஏற்கெனவே பாதி தேய்ந்த ரிங்குக்கு அதைச் சமாளிக்கும் தெம்பும் இல்லை. புதிய ரிங்காக இருந்திருந்தால் ஒருவேளை எனக்குத் தெரியாமலே போயிருக்கும். பழைய வண்டிக்கு இந்த விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

அரிப்பைப் பற்றி உறுதியாகத் தெரிய வேண்டுமா? எண்ணெய் நிறுவனங்கள் வெளியிடும் விவரத்தாளில் செம்புத் தகட்டுச் சோதனை என்று ஒரு வரி இருக்கும். ஏஎஸ்டிஎம் டி130 என்று அதற்குப் பெயர். பளபளவென்று தேய்த்த செம்புத் துண்டைச் சுடுஎண்ணெயில், பெரும்பாலும் 121 டிகிரியில் 3 மணி நேரம் வைத்து, எவ்வளவு நிறம் மாறுகிறது என்று பார்ப்பார்கள். 1 என்றால் ஏறக்குறைய புதிதுபோல, 4 என்றால் கறுத்து அரித்தது. ஜிஎல்-5 தரத்தில் 3 வரை அனுமதி உண்டு. கியர்பாக்ஸுக்கு 1 என்று முடிவு வந்த எண்ணெய் கிடைத்தால் நிம்மதி.

டப்பாவில் உள்ளதை எப்படி வாசிப்பது

ஜிஎல்-4/ஜிஎல்-5 என்று இரண்டையும் சேர்த்து அச்சடித்த டப்பாக்கள் நிறைய வருகின்றன. சுமை தாங்கும் சோதனையில் ஜிஎல்-5 தேறிய எண்ணெய் ஜிஎல்-4-இன் சுமையையும் தாங்கும்தான், அதனால் இரண்டையும் போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் சின்க்ரோ ரிங் ஒழுங்காகப் பிடிக்கிறதா என்பது இந்த ஜிஎல் சோதனைகளில் வருவதே இல்லை. எனவே எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், கீழே சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். மேனுவல் டிரான்ஸ்மிஷனுக்கு, சின்க்ரோமெஷ் கியர்பாக்ஸுக்கு என்று எழுதியிருக்கிறதா? அல்லது ஆக்ஸிலுக்கு, டிஃபரன்ஷியலுக்கு என்று மட்டும் இருக்கிறதா? எனக்கு ஜிஎல் எண்ணை விட அந்த வரிமேல்தான் நம்பிக்கை அதிகம். லிமிடெட் ஸ்லிப் என்று எழுதியிருந்தால் கியர்பாக்ஸுக்கு வேண்டவே வேண்டாம். உராய்வை மாற்றும் மருந்து தனியாகக் கலந்தது அது, சின்க்ரோ ரிங்குக்குச் சரிப்பட்டு வராது.

எம்டி-1 என்றும் ஒரு தரம் உண்டு. கனரக லாரி, பஸ்களில் வரும் சின்க்ரோ இல்லாத கியர்பாக்ஸுக்கானது. உங்கள் வண்டி கார் என்றால் அதைக் கடந்துவிடலாம்.

அடுத்தது கெட்டித்தன்மை. 80டபிள்யூ-90 என்ற எண்ணைப் பார்த்ததும் எஞ்சின் ஆயில் 20டபிள்யூ-50-ஐ விட இது எவ்வளவோ கெட்டி என்று நினைப்பது இயல்பு. உண்மையில் இரண்டுக்கும் அளவுகோலே வேறு. 100 டிகிரி சூட்டில் எஞ்சின் ஆயில் 40-இன் பாகுநிலை 12.5-இலிருந்து 16.3 சென்டிஸ்டோக்ஸ் வரை, 50-இன் பாகுநிலை 16.3-இலிருந்து 21.9 வரை. கியர் ஆயில் 90 எவ்வளவு என்றால் 13.5-இலிருந்து 18.5 வரை. ஆக, கியர் ஆயில் 90 என்பது எஞ்சின் ஆயில் 40-க்கும் 50-க்கும் இடைப்பட்ட சமாச்சாரம். இரண்டு வகையையும் பெயரிலேயே பிரித்தறிய வேண்டும் என்பதற்காகத்தான் எண்கள் அவ்வளவு தள்ளி வைக்கப்பட்டிருக்கின்றன.

டபிள்யூ என்ற எழுத்தோடு வரும் முதல் எண் குளிரில் எண்ணெய் எவ்வளவு இறுகும் என்பதைச் சொல்கிறது. 75டபிள்யூ எண்ணெய் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வரை குறிப்பிட்ட எல்லைக்குமேல் இறுகக் கூடாது. 80டபிள்யூவுக்கு அது கீழே 26 டிகிரி, 85டபிள்யூவுக்குக் கீழே 12. உறைபனியே விழாத இடத்தில் ஓடும் வண்டிக்கு இந்த வெப்பநிலைகள் நேரடியாகத் தேவைப்படாது. ஆனாலும் முதல் எண் சிறிதாக இருந்தால் காலையில் வண்டி எடுத்த முதல் சில நிமிடங்களில் கியர் இலகுவாக விழும் என்பதை அங்கேயும் உணரலாம்.

பழைய வண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி இதில் இருக்கிறது. 2005-க்கு முன்பு 90 என்ற வகுப்பு 13.5-இலிருந்து 24 வரை அகலமாகக் கிடந்தது. அந்த வருடம், இந்தக் கெட்டித்தன்மை எண்களை வகுக்கும் எஸ்ஏஇ அமைப்பு அதை இரண்டாகப் பிரித்தது. கீழ்ப்பாதி 90 என்றே தொடர்ந்தது, மேல்பாதி 110 ஆனது. 1970-இல் அச்சான கையேடு 90 என்று சொன்னால், அன்றைய 90 இன்றைய 90-ஐ விடக் கெட்டியாக இருந்திருக்கவும் வாய்ப்புண்டு. கடும் வெயிலில் நெடுந்தூரம் ஓடும், கொஞ்சம் தேய்ந்த கியர்பாக்ஸுக்கு 110 போடலாமா என்று யாராவது கேட்டால், அது ஒன்றும் கிறுக்குத்தனமான யோசனை இல்லை.

ஆனால் 140-க்குத் தாவுவது வேறு கதை. பேரிங் ஊளையிடும் கியர்பாக்ஸில் 140 ஊற்றி விற்றுவிடும் தந்திரம் பழசு. சத்தம் அமுங்கும், பேரிங் தேய்வது தேய்ந்துகொண்டேதான் இருக்கும். சின்க்ரோ ரிங்கோ அந்தக் கெட்டி எண்ணெயை அறுத்துத் தள்ள முடியாமல் திணறும். வாங்கிய பழைய வண்டியில் காலையில் எல்லாக் கியரும் கல்லாக இருந்து, அரை மணி ஓட்டிய பிறகு இளகினால், முந்தைய உரிமையாளர் உள்ளே என்ன ஊற்றினார் என்று சந்தேகப்படலாம்.

கையேட்டில் இருப்பது, இன்றைய மொழியில்

வண்டியோடு வந்த கையேடு கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, அந்தக் காலத்துச் சொற்களை இன்றைய டப்பாவோடு பொருத்துவது. கியர்பாக்ஸுக்கு இபி 90 என்று இருந்தால் ஜிஎல்-4 80டபிள்யூ-90 அல்லது 85டபிள்யூ-90 பொருந்தும். எஸ்ஏஇ 90 என்று மட்டும் இருந்து, இபி என்ற சொல்லே இல்லாவிட்டால், வண்டி மிகப் பழையது என்றால் ஜிஎல்-1 வகை எண்ணெயைத் தேடிப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் செம்புச் சோதனையில் நல்ல முடிவு காட்டும் ஜிஎல்-4. சில கையேடுகளில் மில்-எல்-2105 என்று ராணுவத் தர எண் இருக்கும். வாலில் எழுத்து இல்லாமல் வெறும் 2105 என்றால் ஜிஎல்-4-க்கு நிகர். வாலில் பி, சி, டி என்று ஏதாவது ஒட்டியிருந்தால் அது ஜிஎல்-5 வகை. ஓர் எழுத்துதான் வித்தியாசம், கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

கையேடே ஜிஎல்-5 போடச் சொன்னால்? போடுங்கள். சில வண்டிகளில், குறிப்பாக எஞ்சினை நீளவாக்கில் வைத்த முன்சக்கர இழுவை வண்டிகள் சிலவற்றில், கியர்பாக்ஸும் ஹைப்பாய்ட் கிரவுன் பினியனும் ஒரே பெட்டிக்குள் இருக்கும், ஒரே எண்ணெயைப் பகிரும். அங்கே பினியனைக் காப்பாற்ற வலுவான எண்ணெய் தேவைப்படலாம், ரிங்குகளையும் அதற்கேற்ற பொருளில் செய்திருப்பார்கள். எஞ்சினைக் குறுக்குவாக்கில் வைத்த முன்சக்கர இழுவை வண்டிகளில் இந்தத் தொல்லை இல்லை. அவற்றில் கிரவுன் பினியனுக்குப் பதில் சாதாரணச் சாய்பல் கியர்தான்.

கியர் ஆயிலே வேண்டாம் என்று சொல்லும் கியர்பாக்ஸ்களும் இருக்கின்றன. இதைத் தெரியாமல் 90 ஊற்றிக் கெடுத்துக்கொண்டவர்கள் பலர். 1959-இல் வந்த மினி காரில் கியர்பாக்ஸ் எஞ்சினுக்கு அடியிலேயே உட்கார்ந்திருக்கும். எஞ்சின் ஆயில்தான் இரண்டுக்கும். எம்ஜிபி காரில் கியர்பாக்ஸ் தனியாக இருந்தும் 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயில்தான் அதற்கு. பழைய ஹோண்டா கார்களில் பலவற்றுக்கும் எஞ்சின் ஆயிலே பரிந்துரை. போர்க்-வார்னர் டி5 கியர்பாக்ஸின் வேர்ல்ட் கிளாஸ் வகைக்கு ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷனில் ஊற்றும் சிவப்பு எண்ணெய். அதன் ரிங்குகளில் நார்ப்பொருள் ஒட்டியிருக்கும், கெட்டி எண்ணெய் அதற்கு ஒத்துவராது. பழைய வெஸ்பா ஸ்கூட்டருக்கோ எஸ்ஏஇ 30. அதில் கிளட்ச் தட்டுகளும் அதே எண்ணெயில்தான் நனைந்து கிடக்கின்றன, இபி சேர்மம் போய்ச் சேர்ந்தால் கிளட்ச் நழுவத் தொடங்கும். பழைய வண்டி என்றாலே 90 என்று கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுவது ஆகாது என்பதற்காக இவ்வளவும் சொல்கிறேன்.

சிந்தெட்டிக் நல்லதா என்று கேட்பவர்கள் உண்டு. 75டபிள்யூ-90 சிந்தெட்டிக், ஜிஎல்-4 தரத்தில், மேனுவல் கியர்பாக்ஸுக்கென்றே வருவதைப் போட்டால் குளிர்ந்த காலையில் கியர் நன்றாகவே விழும். சின்க்ரோவுக்கு எது ஆகும் எது ஆகாது என்பதை அதிகம் தீர்மானிப்பது சேர்மங்கள்தான், அடிப்படை எண்ணெய் கனிமமா சிந்தெட்டிக்கா என்பது இரண்டாம் பட்சம். ஆனால் ஆயில் சீல்கள் வண்டியின் வயதே ஆனவை என்றால், இதுவரை வியர்த்துக்கொண்டிருந்த இடம் சொட்டத் தொடங்கலாம். நானாக இருந்தால் சீல் மாற்றும்வரை கனிம எண்ணெயோடு நிறுத்திக்கொள்வேன். கியர்பாக்ஸுக்கென்று தனியாக விற்கும் டானிக் பாட்டில்களைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். வழுக்கலைக் கூட்டும் என்பதுதான் அவற்றின் பெருமை. நம் பிரச்சினையே அதுதானே.

ஊற்றுவதற்கு முன்

எண்ணெயைக் குற்றவாளி ஆக்குவதற்கு முன்னால் கிளட்சைச் சோதியுங்கள். வண்டி நிற்கும்போது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கிளட்சை முழுக்க மிதித்து ஐந்தாறு நொடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். பெரும்பாலான பழைய வண்டிகளில் ரிவர்ஸுக்குச் சின்க்ரோ இல்லை. காத்திருந்தும் கரகரத்தால் கிளட்ச் சரியாக விடவில்லை என்று பொருள், எந்த எண்ணெயும் அதைச் சரிசெய்யாது. ரிவர்ஸ் அமைதியாக விழுந்து, முன்கியர்களில் ஒன்று மட்டும் கரகரத்தால் அந்தக் கியரின் ரிங் தேய்ந்திருக்கலாம். எல்லாக் கியரும் ஒன்றுபோல முரண்டு பிடித்தால் அப்போது எண்ணெயைப் பார்க்கலாம்.

இருபது நிமிடம் ஓட்டி, எண்ணெய் சூடான பிறகு வடியுங்கள். ஆனால் அடியில் உள்ள டிரெயின் பிளக்கைத் தொடுவதற்கு முன், பக்கவாட்டில் உள்ள ஃபில்லர் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இதை நான் தலைகீழாகச் செய்திருக்கிறேன். எண்ணெய் முழுவதும் பாத்திரத்தில் இறங்கிய பிறகு பார்த்தால், மேலே உள்ள பிளக் துருப்பிடித்து அசைய மறுத்தது. ஊற்ற வழியில்லாத காலிக் கியர்பாக்ஸோடு வண்டி மூன்று நாள் அதே இடத்தில் நின்றது.

வடிந்த எண்ணெய் நிறையச் செய்தி சொல்லும். பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறத்தில் பசைபோல ஒட்டியிருக்கும், அது வழக்கமான தேய்மானம். விரலில் நெருடும் சில்லுகள் இருந்தால் கவலைப்பட வேண்டும். எண்ணெயை வெயிலில் பிடித்துப் பாருங்கள், தங்கத் தூள்போல மின்னினால் அது சின்க்ரோ ரிங்கின் பித்தளை. பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வடிந்த அளவையும் கையேடு சொல்லும் கொள்ளளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள், குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. பழைய வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் கேபிள் சேரும் இடம் எளிதில் கண்ணில் படாத ஒழுகல். கியர்பாக்ஸ் மூச்சுவிடும் பிரீதர் துளை சேறு அடைத்துக் கிடந்தாலும் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீல்கூட ஒழுகும். புது சீல் வாங்குவதற்கு முன் அந்தத் துளையை ஒரு கம்பியால் குத்திப் பார்ப்பது செலவில்லாத வைத்தியம்.

புது எண்ணெய் டப்பாவைச் சிறிது நேரம் வெந்நீரில் நிற்க வைத்தால் எண்ணெய் இளகி, குழாய் வழியாகவோ கை பம்ப் மூலமாகவோ சுலபமாக இறங்கும். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். பெரும்பாலான கியர்பாக்ஸ்களில் ஃபில்லர் துளையின் கீழ் விளிம்பைத் தொட்டு எண்ணெய் வழியத் தொடங்கும் இடம்தான் லெவல். கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டுமே என்று வண்டியைச் சாய்த்து ஊற்றினால் எண்ணெய் கடைந்து நுரைக்கும், முன் சீல் வழியாகக் கிளட்ச் தட்டுக்கும் போய்ச் சேரும். குறைவாக ஊற்றினால் உயரத்தில் இருக்கும் பேரிங்குகள் முதலில் காயும். சில கியர்பாக்ஸ்களில் ஐந்தாவது கியர் பின்பக்க வாலில் தனியாகத் தொங்கும், எண்ணெய் குறைந்தால் அங்கேதான் முதலில் பஞ்சம்.

என் காரில் ஜிஎல்-5-ஐ வடித்துவிட்டு ஜிஎல்-4 80டபிள்யூ-90 ஊற்றினேன். கரகரப்பு அன்றே போய்விடவில்லை. சில நூறு கிலோமீட்டர் ஓடியபிறகு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. குளிர்ந்த காலையில் இரண்டாவது கியருக்கு இறக்கும்போது மட்டும் இன்னும் லேசாக முனகுகிறது. அது தேய்ந்த ரிங்கின் முனகல். அதை மாற்றக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். இறக்கும்வரை, அந்த ஒரு கியருக்கு மட்டும் நியூட்ரலில் ஒரு கணம் நிறுத்தி, கிளட்சை இரண்டாவது முறை மிதித்துப் போடுகிறேன், 1928-க்கு முந்தைய ஓட்டுநர்களைப்போல.